மூணாவது கியரும் என் இடது கையும்

எங்கள் வீட்டு வேனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மூன்றாவது கியரில் போட்டால் இரண்டு நிமிஷம் மரியாதையாக இருக்கும். அப்புறம், பந்தியில் அப்பளம் வைக்கவில்லை என்று பாதியில் எழுந்து போகும் சம்பந்தி மாதிரி, 'டக்'கென்று எழுந்து நியூட்ரலுக்கு வந்துவிடும். இன்ஜின் மட்டும் 'ஊ...' என்று கத்தும். வண்டி இழுக்காது. பின்னால் வரும் பஸ் டிரைவர் நம் பரம்பரையையே விசாரிப்பார்.

வேன் என்றால் மாருதி ஆம்னி. 1998 மாடல். 796 சி.சி., மூன்று சிலிண்டர், நாலே கியர். 1984-ல் 'மாருதி வேன்' என்று வந்து, பிறகு ஆம்னியாகி, 2019-ல் தயாரிப்பு நிற்கும் வரை எத்தனை ஊரில் எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்ததோ! அப்பா எங்கள் ஆம்னியை வாங்கிய கையோடு பின் சீட்டைக் கழற்றிவிட்டு, ஆசாரியை வைத்துப் பலகை அடித்தார். பகலில் பெஞ்சு, ராத்திரியில் கட்டில். அடியில் ஸ்டவ், இட்லிப் பானை, ஜமுக்காளம், ஒரு குடம். சினிமாக்காரர்களின் கேரவனைப் பற்றி நாங்கள் கேள்விப்படுவதற்கு முன்பே எங்களிடம் கேரவன் இருந்தது. ஏ.சி.க்குப் பதில் கதவைத் திறந்து வைப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் கட்டிலும் அலமாரியும் வைத்து 1951-லேயே விற்க ஆரம்பித்துவிட்டார்கள். எழுபதுகளில் அந்த மாதிரி வேன்களில் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி கோவா வரைக்கும் ஹிப்பிகள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் வேன் கடையநல்லூரிலிருந்து கருப்பாநதி அணை வரை போகும். மிஞ்சிப் போனால் குற்றாலம். தூரம்தான் கம்மி. ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்தி, அம்மா தோசை சுட, அருவியில் குளித்த தலையோடு தின்ற சந்தோஷம் எந்த ஹிப்பிக்கும் குறைந்ததில்லை.

அப்பாவுக்குக் கண் மங்கியதும் சாவி என் கைக்கு வந்தது. ஐந்து வருஷம் ஆகிறது. கியர் எழுந்து ஓட ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் சொன்னது இதுதான்: "எல்லாம் அப்பா காலத்துலயே கியரைப் போட்டு நொறுக்கியாச்சு!"

அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

இந்த வருஷம் சீசன் ஆரம்பித்தபோது பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து வேனைச் சுற்றிப் பார்த்தார். எனக்கும் சம்மதம்தான். நான் படித்தது பி.காம். வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால், இந்த வேனின் மதிப்பு எப்போதோ பூஜ்யம். கணக்குப்படி, இரும்புக்காரர் கொடுப்பது பூராவும் லாபம்! அப்பாவிடம் சொன்னேன்.

"ஒரே ஒரு தடவை குத்தாலம் போயிட்டு வந்து குடுத்துரலாம்லா?" என்றார்.

அந்த 'ஒரே ஒரு தடவை'யை எந்தக் காலத்தில் எழுதுவது? பற்றிலா, வரவிலா? வண்டியை மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன்.

பாய் எடுத்த உடனே ஸ்பேனரைத் தூக்கவில்லை. முதலில் கிளட்ச்சை மிதித்துப் பார்த்தார். "கிளட்ச் முழுசா விடலைன்னாலும் கியர் கரகரங்கும். அதைப் பாக்காம பெட்டியை எறக்குதவன் அவசரக்காரன்." கிளட்ச் சரி. அடுத்து கியர் ஆயிலை வடித்து வெயிலில் காட்டினார். ஆயிலுக்குள் தங்கப் பொடி மாதிரி மினுமினுத்தது. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்.

"பித்தளை, தம்பி. உள்ள ரிங்கு கரைஞ்சுட்டு இருக்கு."

பெட்டியை இறக்கிப் பிரித்தார். உள்ளே இருந்து வளையல் மாதிரி ஒரு பித்தளை வளையம் வந்தது. சிங்க்ரோ ரிங். "இது எதுக்கு பாய்?" என்றேன்.

"ஓடுத பஸ்ல ஏறியிருக்கீங்களா? நின்ன இடத்துலருந்து தாவுனா என்ன ஆகும்? பல்லு போயிரும். கூடவே ஓடி, பஸ் வேகம் வந்ததும் தொத்திக்கிடணும். கியரும் அப்படித்தான். இந்த ரிங்கு முதல்ல உரசி, ரெண்டு பக்கத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வரும். அப்புறம்தான் பல்லு பல்லோட சேரும்."

இந்த ஏற்பாடு முதன்முதலில் 1928-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்தது. அதற்கு முன்னால் அந்த 'கூட ஓடுகிற' வேலையை டிரைவரே செய்ய வேண்டும். ஒரு தடவை கிளட்ச்சை மிதித்து நியூட்ரல், விட்டு, வேகத்தைச் சரிபண்ணி, மறுபடி மிதித்து கியர். பழைய லாரி டிரைவர்கள் 'டபுள் கிளட்ச்' என்று சொல்வது இதைத்தான்.

"ரிங்கு வயசுக்குத் தேஞ்சது. கரகர சத்தம் அதனால. ஆனா மூணாவது கியர் எந்திரிச்சு வாரதுக்குக் காரணம் இவன்" என்று இரண்டு கால் உள்ள ஓர் இரும்பைக் காட்டினார். ஃபோர்க். கியர் ராடை நாம் தள்ளும்போது உள்ளே வளையத்தை நகர்த்துகிறவன். இரண்டு காலும் தேய்ந்து தகடாக இருந்தன. "இது இவ்வளவு தேயக் கூடாதே..." என்று யோசித்தார்.

"எல்லாம் அப்பா ஓட்டுன ஓட்டம் பாய்!" என்றேன் நான், வழக்கம்போல.

ரிங், ஃபோர்க், பேரிங், ஆயில் சீல் எல்லாம் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தன. பெட்டி மறுபடி ஏறியது. கண்ட ஆயிலையும் ஊற்றாமல், ஜி.எல்.4 என்று பார்த்து ஊற்றினார். சில ஆயிலில் உள்ள கந்தகச் சரக்கு பித்தளையைத் தின்றுவிடுமாம்.

இடைகால் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். பக்கத்தில் பாய். பின்னால் பலகையில் அப்பா. மூன்றாவது கியர் போட்டேன். வெண்ணெயில் கத்தி! இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம்... சம்பந்தி எழுந்திருக்கவில்லை. பந்தியிலேயே இருந்தார்.

பாய் என் இடது கையை, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி மெள்ளத் தூக்கினார். அது கியர் ராடின் தலையில் உட்கார்ந்திருந்தது.

"தம்பி, இந்தக் கை எப்பவும் இங்கனதான் இருக்குமா?"

"ஆமா பாய். ஒரு வசதிக்கு..."

"இது என்ன கைத்தடியா? நீங்க கையை வச்சா, அந்த வெயிட்டு உள்ள ஃபோர்க்குல போயி நிக்கும். வளையம் சுத்திக்கிட்டே இருக்கு, ஃபோர்க் சுத்தாது. உரசி உரசித் தேயாம என்ன செய்யும்? கியர் மாத்துனதும் கையை எடுத்துரணும்."

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அப்பா வெகு அக்கறையாக மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா... உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்லா. நீ வண்டி படிச்ச நாள்லருந்து அப்படித்தான வைக்கே."

"சொல்லிருக்கலாம்லா?"

"ரெண்டு தடவை சொன்னேன். 'ஒங்க காலத்து ஓட்டு வேற, இப்பத்து ஓட்டு வேற'ன்னே. அதுக்கு மேல சாவியைக் குடுத்த மனுசன் என்னத்தைச் சொல்ல?"

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனோம். ஐந்தருவியில் கூட்டம். பழைய அருவிப் பக்கம் மரத்தடியில் நிறுத்தி, அம்மா தோசை சுட்டாள். என் மகள் பலகைக் கட்டிலில் படுத்து, "தாத்தா, இது நம்ம வீடா?" என்று கேட்டாள். போகவர அவ்வளவு தூரமும், வேலையில்லாத இடது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தேன்.

முந்தாநாள் இரும்புக்காரர் மறுபடி வந்தார். அப்பா பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார்.

"அடுத்த சீசன் முடியட்டும், வாங்க" என்றேன்.

அப்பா அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.