178-உம் 118-உம்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிரஷர் மிஷின் வைத்திருப்பவர்களாவது முழுவதும் படியுங்கள்.

போன மாதம் என் மனைவிக்கு ஒருநாள் காலை 178 காட்டியது. மறுநாள் 118. அதற்கடுத்த நாள் 176, பிறகு 114. தேதி போட்டு நோட்டில் குறித்து வைத்தேன். 178 வந்த அன்று ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டு அவளையும் திட்டினேன். 118 வந்த அன்று செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. "ரொம்ப இறங்கிவிட்டதே" என்று இரவு மாத்திரையை நானே நிறுத்தினேன். 114 வந்த அன்றும் அப்படியே. டாக்டரைக் கேட்கவில்லை.

டாக்டர் தன் கருவியில் பார்த்தார்: 142. அங்கேயே எங்கள் மிஷினில் பார்த்தால் 114. மாத்திரைக்காக நான் வாங்கிய திட்டு தனிக்கதை.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒருவன் இப்போது எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கிறான். இதையும் படித்துக்கொண்டிருப்பான். மிஷினை ஆன் செய்தவுடனே சிரித்தான். எல்லாக் கோடும் ஒரு கணம் தெரிய வேண்டிய நேரத்தில், நடு இலக்கத்தில் 8-க்குப் பதில் 7 நின்றது. "சார், கணக்கு சரி. கையெழுத்துதான் தப்பு" என்றான்.

8-இல் ஏழு கோடுகள். எல்.சி.டி.யில் கோடு எரிவதில்லை. மின்னழுத்தம் பட்டால் அந்த இடத்தில் திரவப் படிகம் திரும்பி, ஒளி மறைந்து கறுப்பாகத் தெரிகிறது. ஒரே திசையில் மின்னழுத்தம் நின்றால் படிகம் கெட்டுவிடும். அதனால் உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் விநாடிக்குப் பலமுறை திசையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது.

கோட்டுக்கு ஒரு கம்பி என்றால் 32 கோட்டுக்கு, பொதுக் கம்பியோடு 33 வேண்டும். அதைக் குறைக்க ஒரு வழி. நம் வகுப்பறையையே நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே 4 பெஞ்ச், நெடுக்கே 8 வரிசை. பெஞ்ச் எண்ணும் வரிசை எண்ணும் சொன்னால் ஒரே பையன் எழுவான். 4-உம் 8-உம் சேர்த்து 12 கம்பியில் 32 கோடும் அடங்கிவிடுகின்றன. பெஞ்ச்களை முறைவைத்து, வேகமாக, மாறி மாறிக் கூப்பிடுகிறது சில்லு. அழைக்காத கோட்டுக்கும் கொஞ்சம் மின்னழுத்தம் போகத்தான் செய்யும். ஆனால் படிகம் அசையும் அளவுக்குப் போகாதபடி கணக்குப் போட்டு அனுப்புகிறது. இந்த இடம் எனக்குப் புரிய இரண்டு டீ ஆனது.

எங்கள் மிஷினில் ஒரு நெடுவரிசைக் கம்பி பேசவில்லை. அதில் இருந்த நான்கு பேரும் ஆப்சென்ட்: நடு இலக்கத்தின் இடப்பக்கக் கோடுகள் இரண்டு, நடுக்கோடு, அடிக்கோடு. தாளில் எழுதி அவற்றை அழித்துப் பாருங்கள். 3 அழிந்தால் 7. 4 அழிந்தால் 1. அவளுக்கு இருந்தது 138-உம் 148-உம்தான். கோடு கோணலாகத் தெரிந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். நல்ல எண்ணாகவே தெரிந்ததால் நம்பிவிட்டேன்.

கண்ணாடியையும் சர்க்யூட் போர்டையும் இணைப்பது கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு ரப்பர் பட்டை. அதன் ஓரத்தில் அழுக்கு. ஸ்பிரிட்டால் துடைத்து அழுத்தி மாட்டினான். 8 முழுசாக வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றான். சட்டைப் பையில் திணித்து அனுப்பினேன்.

பல மிஷின்களில் ஆன் செய்ததும் எல்லாக் கோடும் ஒருமுறை தெரியும். இப்போது அதைப் பார்த்த பிறகுதான் அவள் கையை நீட்டுகிறாள். இன்று காலை 136. ஊறுகாய் ஜாடி இன்னும் பரணில்தான் இருக்கிறது. அந்த விஷயத்தில் மட்டும் டாக்டர் என் பக்கம்.