கத்தி காத்திருக்க வேண்டிய நாட்கள்

குடல்வால் என்று சொன்னதுமே, "உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்" என்பார்கள் வீட்டார். வலி தொடங்கிய முதல் நாளோ இரண்டாம் நாளோ வந்தவருக்குப் பெரும்பாலும் அதுவே சரி. வாய்வுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத் தண்ணீரும் கடை மாத்திரையுமாக ஐந்தாறு நாள் ஓட்டிவிட்டு, வலப்பக்க அடிவயிற்றில் கெட்டியான கட்டியோடு வருகிறவருக்கு அந்த அவசரம் பொருந்தாது.

அந்தக் கட்டி உடம்பு தானே கட்டிக்கொண்ட காவல். அழுகத் தொடங்கிய குடல்வாலைச் சுற்றி வயிற்றின் கொழுப்புத் திரையும் சிறுகுடலும் பெருங்குடலின் தொடக்கமும் ஒட்டிக்கொண்டு, சீழ் பரவாமல் தடுக்கின்றன. அவசரப்பட்டு அதைப் பிரித்தால், வீங்கிய குடல் நனைந்த காகிதமாய்க் கையோடு கிழியும். குடல்வாலை எடுக்கப் போய்ப் பெருங்குடலின் வலப்பாதியையே வெட்ட நேர்ந்தவர்கள் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில், அறுவை மருத்துவர்களான சிகாகோவின் ஆக்ஸ்னரும் லண்டனின் ஷெர்ரனும் இந்தக் காத்திருப்பை ஒரு முறையாக வகுத்தார்கள். வாய்வழி எதுவும் கிடையாது, முழு ஓய்வு, இடைவிடாத கண்காணிப்பு. இன்று அதோடு டிரிப்பும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்திருக்கின்றன. கட்டியின் விளிம்பைத் தோலின் மேல் பேனாவால் வரைந்து வைப்போம்; மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, உள்ளே சுருங்கியிருக்கிறதா என்று விரல் சொல்லும். ஸ்கேனை நம்புகிறவன்தான் நான். ஆனாலும் வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது செவிலியர் எழுதிய நாடித்துடிப்புப் பட்டியலைத்தான். காய்ச்சல் மாத்திரையால் தணிந்து நம்மை ஏமாற்றும். நாடி ஏறிக்கொண்டே போனால், வாந்தி நிற்காவிட்டால், வலி பரவினால், காத்திருப்பு முடிந்தது.

வயிறு முழுக்கப் பலகையாய் இறுகி வருகிறவரிடம் காத்திருக்கவே கூடாது. குடல்வால் வெடித்த நேரத்தில் வலி சற்றுக் குறைவதும் உண்டு. "இப்ப பரவாயில்ல டாக்டர்" என்று நோயாளி சொல்லும் அந்தச் சில மணி நேரத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

கட்டிக்குள் சீழ் தேங்கிப் பெரிதாக இருந்தால், ஸ்கேன் பார்த்துக் குழாய் விட்டு வடிக்கிறோம். 1902 ஜூன் 24 அன்று, முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் டிரீவ்ஸ் செய்ததும் சாராம்சத்தில் இதுதான்: வயிற்றைத் திறந்து சீழை வடித்தார், குடல்வாலைத் தொடவில்லை. ஆகஸ்ட் 9 அன்று மன்னர் முடிசூடினார். ஆன்டிபயாட்டிக் விஷயத்திலும் நம் கை அடங்க வேண்டும். சீழின் மூலத்தைச் சரியாகக் கையாண்டுவிட்டால், பெரும்பாலானோருக்கு நான்கு நாள் மருந்து போதும் என்று 2015இல் வெளியான அமெரிக்க–கனடா ஆய்வு காட்டியது. பத்து நாள், பதினைந்து நாள் எழுதும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை.

எனக்குப் பெரிய கவலை, கட்டி கரைந்து நோயாளி நலமாக வீடு திரும்பிய பிறகுதான். இளவயதினர் பலருக்கு அதோடு பிரச்சினை முடியலாம். நாற்பதைத் தாண்டியவருக்கு அப்படி விடமாட்டேன். குடல்வால் சீழ்க்கட்டி ஆறியவர்களைப் பின்தொடர்ந்த ஃபின்லாந்து ஆய்வொன்றின் முடிவு 2019இல் வெளியானது. அறுபது பேரில் பன்னிரண்டு பேருக்குக் குடல்வாலில் புற்றுக்கட்டி வகைகள் தெரிந்தன. அந்தப் பன்னிரண்டு பேரும் நாற்பதைக் கடந்தவர்கள். ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் இதே இடத்தில் இதே வேடத்தில் வரும்.

ஆகவே, குடல்வால் கட்டி மருந்திலேயே கரைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்ட, நாற்பதைத் தாண்டியவர் உங்கள் வீட்டில் இருந்தால், வலி இல்லை என்பதற்காக மறந்துவிடாதீர்கள். ஆறு வாரம் கழித்து அவரை அதே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பெருங்குடலுக்குள் பார்க்கும் கொலனோஸ்கோப்பி எப்போது, சி.டி. ஸ்கேன் எப்போது, குடல்வாலை எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.