75 சென்ட்டில் சிக்கிய திருடன்

1986 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் நேரத்துக்குக் காசு வசூலித்தார்கள். அந்தக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வானியல் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்த கிளிஃப் ஸ்டோலிடம், ‘என்னன்னு பார்’ என்று விட்டார்கள்.

தோண்டிப் பார்த்தால், யாரோ ஓர் ஆள் திருட்டுத்தனமாக நுழைந்து ஒன்பது விநாடி பயன்படுத்தியிருந்தார்!

உடனே கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால், வந்தது யார் என்றே தெரியாமல் போயிருக்கும். கம்ப்யூட்டருக்குள் காவல் வைக்கவும் முடியாது. முழு அதிகாரத்தையும் கைப்பற்றியிருந்த ஆள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் ஒரு வார இறுதியில், சக ஊழியர்களின் மேஜைகளில் இருந்த டெர்மினல்களையும் பிரின்டர்களையும் சொல்லாமல் ‘கடன்’ வாங்கினார் ஸ்டோல். வெளியிலிருந்து வரும் 50 போன் லைன்களிலும் மாட்டினார். தகவல் வழக்கம்போல் கம்ப்யூட்டருக்குப் போகும். அதன் நகல் இங்கே விழும். திருடனுக்குத் துளிகூடச் சந்தேகம் வராது.

திருடன் வரும் லைன் தெரிந்ததும் மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த லைனில் மட்டும் பிரின்டரை விட்டுவைத்தார். பிறகு ராணுவ ரகசியம்போல் பொய்க் கோப்புகளை வைத்துத் தூண்டில் போட்டார். மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் சிக்கினார். திருடியதை சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி-க்கு விற்றவர் அவர். 1990-ல் தண்டிக்கப்பட்டார்.

ஸ்டோல் கையால் செய்ததை, இன்று ஆபீஸ் மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஒரே கட்டளையில் செய்கிறது. சாதாரணமாக அது நல்ல தபால்காரர். யாருக்கு வந்த தகவலோ, அவருடைய போர்ட்டில் மட்டும் சேர்க்கும். ‘இதன் நகலை அந்த போர்ட்டுக்கும் அனுப்பு’ என்று சொல்லிவிட்டால், அங்கே உள்ள கண்காணிப்புக் கம்ப்யூட்டருக்கு எல்லாம் போய்விடும். ‘போர்ட் மிரரிங்’ என்பார்கள். வைரஸ் புகுந்த கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க, நெட் ஏன் மெதுவாகிறது என்று பார்க்க, இது ரொம்பவே உதவும்.

ஆனால், நகலுக்கு நல்லவர், கெட்டவர் தெரியாது. ஆபீஸ் நெட்வொர்க்கில் மருத்துவமனையின் இணையதளத்தைப் பார்ப்பவரும் அதில் விழுவார். பூட்டுச் சின்னம் உள்ள தளத்தில் அவர் என்ன படித்தார், என்ன எழுதினார் என்பது நகலில் தெரியாது. எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்குப் போனார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

50 மேஜைகளைக் காலி செய்தவருக்குத் தேவையானது ஒரே ஒரு லைன். இன்று மேஜைகளைக் காலி செய்யவே வேண்டாம். எந்த லைன், எத்தனை நாள், யார் படிப்பது என்ற மூன்றையும் கட்டளை போடுவதற்கு முன்பே எழுதி வைக்கிற ஆபீஸில் வேலை செய்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.