கலவையும் கலப்படமும்

தமிழ் மொழியிலே கலத்தல் என்னும் வினை இருவேறு பெயர்களை ஈன்றுள்ளது. ஒன்று கலவை, மற்றொன்று கலப்படம். சந்தனத்தோடு பிற நறுமணப் பொருள்களைச் சேர்த்து அரைத்த சாந்தைக் கலவை என்று போற்றிய அதே மக்கள், பாலில் நீர் சேர்த்தவனைக் கலப்படக்காரன் என்று இகழ்ந்தனர். இரண்டிலும் செய்கை ஒன்றே. எது எதனோடு, எந்நோக்கத்துக்காக, யார் அறியச் சேர்க்கப்படுகின்றது என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. ஐரோப்பியச் செம்மதுவின் வரலாற்றைப் பயில்வோர்க்கு இக்கோடு எத்துணை மெல்லியது என்பதும், காலந்தோறும் அது இடம்மாறி வந்துள்ளது என்பதும் தெளிவாகும்.

ஒரேவகைத் திராட்சையிலிருந்து வடித்த மதுவே உயர்ந்தது என்று கருதுவோர் பலர். பிரான்சின் பர்கண்டிப் பிரதேசம் பினோ நுவார் என்னும் ஒருவகைத் திராட்சையைக் கொண்டே பெரும்புகழ் ஈட்டியமை இக்கருத்துக்கு அரணாயிற்று. ஆயினும் பிரான்சின் போர்தோ, ரோன் பள்ளத்தாக்கின் தென்பகுதி, ஸ்பானியாவின் ரியோகா, இத்தாலியின் கியாந்தி என்னும் புகழ்மிக்க பிரதேசங்களில் பலவகைத் திராட்சைகளின் கூட்டே மரபாக இருந்துவந்துள்ளது. இம்மதுக்களை அருகருகே வைத்துச் சுவைப்பவன், எது சிறந்தது என்று வினவுமுன், எந்த இடர்ப்பாட்டுக்கு விடையாக இக்கலவை பிறந்தது என்று வினவுதல் நன்று. அவ்வினாவே சுவையை அறிவாக்குகின்றது.

முதற்கண் போர்தோவை நோக்கலாம். ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையிலுள்ள மெதொக் நிலம் சரளைக்கல் மிகுந்தது. பகலின் வெப்பத்தைத் தாங்கி வைத்திருக்கும் அந்நிலத்திலே, காலந்தாழ்த்திக் கனியும் கபர்னே சோவின்யோன் நன்கு முதிர்கின்றது. வலக்கரையிலுள்ள பொமெரோல், சாந்தெமிலியோன் ஆகிய இடங்களின் குளிர்ந்த களிமண்ணிலே, முந்திக் கனியும் மெர்லோ செழிக்கின்றது. அத்திலாந்திக் சமுத்திரத்தை அடுத்துள்ள இப்பிரதேசத்தில் எந்த ஆண்டிலும் காலநிலையை நம்பியிருத்தல் இயலாது. இலையுதிர்கால மழை முந்தினால் கபர்னே முதிராது போகும். இளவேனிலின் உறைபனியும் பூக்குங்காலத்துக் குளிரும் மெர்லோவைக் கெடுக்கும். 1984 ஆம் ஆண்டிலே மெர்லோப் பூக்கள் காய்பிடியாது உதிர்ந்தமையால், அவ்வாண்டின் மது பெரும்பாலும் கபர்னேயைக் கொண்டே ஆக்கப்பட்டது. எனவே இரண்டையும் நடுதல் உழவனின் காப்புறுதி எனலாம். ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

உழவனின் இத்தேவை காலப்போக்கில் ஒரு கலையாக வளர்ந்தது. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு தோட்டத்துண்டும் தனித்தனியே நொதிக்கவைக்கப்படுகின்றன. பின்னர் மதுவாக்குநர் அவற்றைச் சுவைத்துப் பார்த்து, எதனோடு எதனை எவ்வளவு சேர்ப்பதெனத் தீர்மானிக்கின்றனர். கபர்னேயின் துவர்ப்பு, சாயங்கூடிய வெறுந்தேநீர் நாவை இறுக்குவது போன்றது. அதுவே மதுவுக்கு எலும்பும் நீண்ட ஆயுளுமாகும். மெர்லோ அவ்வெலும்பின்மீது சதைபோற் படிகின்றது. கபர்னே பிரான் நறுமணத்தையும், பெற்றி வெர்தோ நிறத்தையும் உறைப்பையும் தருகின்றன. அறுசுவைகளுள் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணிப் பழகிய தமிழ் வாசகர்க்கு இம்மதுவின் உடலமைப்பை விளங்கிக்கொள்ளுதல் எளிது. இனிப்பும் புளிப்பும் நாவில் தோன்றி மறைந்த பின்னரும் எஞ்சி நிற்பது அத்துவர்ப்பே.

தெற்கே ரோன் பள்ளத்தாக்கிலுள்ள சாத்தோனேப்-து-பாப் என்னும் இடத்தின் கதை வேறானது. அங்கே வெயிலுக்குக் குறைவில்லை. மிஸ்திரால் என்னும் வறண்ட வடகாற்றும் கூழாங்கற்களின் வெப்பமும் பழத்தைத் தவறாது கனிவிக்கின்றன. அந்நிலத்தின் அரசி கிரனாஷ் என்னும் திராட்சை. அது மதுசாரத்தையும் பழவினிமையையும் அள்ளிவழங்கும். நிறமும் துவர்ப்பும் அதனிடம் குறைவு. அக்குறையை நிரப்ப, கருமையும் மிளகின் நெடியுமுடைய சிரா, தோலின் மணமும் மண்ணின் மணமும் கலந்த மூர்வேத்ர் முதலியன சேர்க்கப்படுகின்றன. போர்தோவிலே கலவை குளிருக்கு எதிரான காப்பு. இங்கே அது வெம்மையைச் சமன்செய்யும் கருவி. இரு கிண்ணங்களையும் மாறி மாறிச் சுவைப்பவன் இவ்வேறுபாட்டை நாவிலேயே உணரலாம். முன்னது இறுக்கத்திலிருந்து மெல்ல நெகிழ்கின்றது. பின்னது அகன்ற வெம்மையோடு தொடங்கி, மெல்ல ஓர் ஒழுங்குக்குள் அடங்குகின்றது.

கலவைக்கும் கலப்படத்துக்கும் இடையிலான கோடு சட்டமாக எழுதப்பட்ட இடங்களுள் இதுவும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே போர்தோவின் வலுக்குன்றிய மதுக்களுக்கு உரமூட்ட, ரோன் நதிக்கரையின் எர்மிதாஜ் மதுவைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. வணிகர் அதனை இழிவாகக் கருதவில்லை. அதே செய்கை பிற்காலச் சட்டத்தின்முன் குற்றமாயிற்று. சாத்தோனேப்-து-பாப் என்னும் பெயரைப் பிறவிடத்து மதுக்களுக்குச் சூட்டி விற்போர் பெருகியபோது, சட்டம் பயின்றவரும் முதலாம் உலகப் போரில் விமானியாகப் பணிபுரிந்தவருமான பரோன் பியேர் லெ ருவா, அவ்வூர்த் தோட்டக்காரரோடு சேர்ந்து 1923 ஆம் ஆண்டில் விதிகளை வகுத்தார். லவெண்டரும் தைம் செடியும் வளரத்தக்க வறண்ட நிலமே உரிய நிலம் என வரையறுத்தமை அவ்விதிகளுள் சுவையானது. மது குறைந்தது 12.5 வீத மதுசாரம் கொண்டிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. 1936 இல் அரசு இப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது. அனுமதிக்கப்பட்ட பதின்மூன்று வகைகளையும் பயிரிடும் தோட்டமும் உண்டு. கிரனாஷை மட்டுமே நம்பும் தோட்டமும் உண்டு. எல்லையை வகுத்த விதி, எல்லைக்குட்பட்ட சுதந்திரத்தை விட்டுவைத்தது.

எல்லா விதிகளும் இத்துணை அறிவோடு அமைந்தனவல்ல. இத்தாலியின் பிரதம மந்திரியாக இருமுறை பதவி வகித்த பெத்தினோ ரிக்காசோலி, தமது தோட்டத்தில் நீண்டகாலம் செய்த சோதனைகளின் முடிவை 1872 இல் பீசாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். கியாந்தி மதுவின் மணத்துக்கும் வலிமைக்கும் சாஞ்சியோவேசே, அதன் கடுமையைத் தணிக்கக் கனயோலோ என்று அவர் வகுத்தார். மல்வாசியா என்னும் வெண்திராட்சை அன்றாட உணவோடு அருந்தும் இளமதுவுக்கு ஏற்றது. நெடுங்காலம் பேணி வைக்கும் மதுவுக்கு அது வேண்டுவதில்லை என்பதும் அவர் கருத்து. ஆயின் 1967 இல் வந்த சட்டம் அக்கருத்தின் பிற்பாதியைக் கைவிட்டு, எல்லாக் கியாந்தி மதுவிலும் 10 முதல் 30 வீதம் வரை வெண்திராட்சை இருத்தல் வேண்டும் என்று விதித்தது. விளைச்சல் மிகுந்த வெண்திராட்சையைச் சேர்க்கச் சேர்க்க மது மெலிந்தது, பெயரும் மெலிந்தது.

அதன் விளைவு நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. அந்தினோரிக் குடும்பத்தினர் திஞ்ஞானெல்லோ என்னும் மதுவை 1971 ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து கியாந்திச் சட்டத்துக்குப் புறம்பாக ஆக்கினர். சாஞ்சியோவேசேயோடு போர்தோவின் கபர்னேயைச் சேர்த்து, 1975 முதல் வெண்திராட்சையை முற்றாக நீக்கினர். சட்டத்தின் கண்ணில் அது வெறும் ‘மேசை மது’, தரவரிசையின் கடைசிப்படி. அக்கடைசிப்படியிலிருந்தே அது நாட்டின் உயர்ந்த மதுக்களுள் ஒன்றாக எண்ணப்படலாயிற்று. சட்டம் மெல்ல மெல்ல இறங்கிவந்தது. 2006 ஆம் ஆண்டு விளைச்சலோடு, கியாந்தி கிளாசிக்கோ மதுவில் வெண்திராட்சை சேர்ப்பதே தடைசெய்யப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குள் கட்டாயமாயிருந்தது குற்றமாகிவிட்டது. மரபு என்னும் பெயராற் காக்கப்படுவது எப்பொழுதும் மரபேதானா என்னும் வினாவைக் கியாந்தியின் புளிப்புச் செரிப்பழச் சுவை இன்றும் எழுப்பிக்கொண்டிருக்கின்றது.

ரியோகாவின் கலவையிலே திராட்சையோடு காலமும் ஒரு சேர்மானமாகின்றது. முந்திக் கனியும் தெம்பிரானியோ அதன் முதுகெலும்பு. கிழக்கின் வெப்பநிலத்துக் கர்னாச்சா உடலைத் தரும். இக்கர்னாச்சா வேறெதுவுமன்று, ரோன் பள்ளத்தாக்கின் கிரனாஷே ஸ்பானியாவில் வழங்கும் பெயர் அது. சிறிதளவே விளையும் கிராசியானோ மணத்தையும் அமிலத்தையும் சேர்க்கும். அமெரிக்க ஓக் மரப்பீப்பாக்களில் நெடுநாள் உறங்குவதால் வனிலாவின் மணமும் தேங்காயின் மணமும் அதிற் படிகின்றன. கிரான் ரெசர்வா எனப்படும் உயர்தரச் செம்மது மொத்தம் 5 ஆண்டுகள் முதிரவேண்டும்; அவற்றுள் குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாவிற் கழியவேண்டும். அங்கு அருந்துவோனின் பொறுமையை மதுவாக்குநரே முன்கூட்டிச் செலவிட்டுவிடுகின்றார்.

இவ்வாறு வேறுபட்ட இடர்களுக்கு வேறுபட்ட விடைகளாய்ப் பிறந்த மதுக்களை ஒரே அளவுகோலாற் புள்ளியிட்டு வரிசைப்படுத்தும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. 1976 மே 24 ஆம் திகதி பாரிசில் நடந்த புகழ்பெற்ற ஒப்பீட்டில், பெயர் மறைத்து வைக்கப்பட்ட பத்துச் செம்மதுக்களைப் பிரெஞ்சு நடுவர்கள் சுவைத்தனர். அனைத்தும் கபர்னேயை முதன்மையாகக் கொண்டவை. கலிபோர்னியாவின் ஸ்ராக்ஸ் லீப் 1973 முதலிடம் பெற்றது. போர்தோவின் மூத்தோன் ரொத்சில்ட் 1970 இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. முப்பது ஆண்டுகளின் பின் 2006 இல் அதே மதுக்கள் மீண்டும் சுவைக்கப்பட்டபோது வேறொரு கலிபோர்னிய மது முதலிடம் பெற்றது. புதிய நாட்டவரின் திறமையை உலகுக்கு உணர்த்தியது என்னும் அளவில் அவ்வொப்பீடு பெரும்பயன் விளைத்தது. பழம்பெயர்களின் செருக்கு அன்று கலைந்தது. ஆயினும் வரிசை என்பது ஒருநாள், ஒரு மேசை, சில நாக்குகள் கூடி அளித்த தீர்ப்பே என்பதும் அதனால் விளங்கிற்று.

நாக்கும் தனித்து நின்று தீர்ப்பளிப்பதில்லை. போர்தோவில் மதுவியல் பயின்ற 54 மாணவர்களிடம், மணமற்ற செந்நிறம் ஊட்டிய வெண்மது கொடுக்கப்பட்டது. அவர்கள் அதனைச் செம்மதுவுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். 2001 இல் வெளியான இவ்வாய்வு, கண் கண்டதை நாவும் காண்கின்றது என்பதை மெய்ப்பித்தது. இதனைக் கொண்டு சுவையறிவே பொய் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. பெயரும் நிறமும் விலையும் நாவுக்கு முன்னரே பேசிவிடுகின்றன என்பதை அறிந்தவன், அவற்றின் குரலைச் சற்றே தணித்துவைத்துச் சுவைக்கப் பழகுவான். பலநாள் பழகிய நாவுக்குத் துவர்ப்பின் தரமும் அமிலத்தின் கூர்மையும் பின்சுவையின் நீளமும் மெல்ல மெல்லப் புலப்படும்.

கலவையைத் தாழ்வென்று கருதுவோர் தூய்மையின் திருவுருவாகக் கொள்ளும் கபர்னே சோவின்யோனின் பிறப்பும் இவ்விடத்து நோக்கத்தக்கது. 1997 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் மரபணுச் சோதனையால் அதன் பெற்றோரைக் கண்டறிந்தனர். கபர்னே பிரான் என்னும் செந்திராட்சையும் சோவின்யோன் பிளாங் என்னும் வெண்திராட்சையும் எப்போதோ ஒரு தோட்டத்தில் இணைந்ததன் பயனே அது. தனித்தன்மை என்று கொண்டாடப்படுவது பழைய கலப்பொன்றின் மறந்துபோன பெயர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கலவை காப்புறுதியாகும் என்று மேலே கூறப்பட்டது. அக்காப்புறுதி இயற்கையின் இடர்களோடு நின்றுவிடுவதன்று. லெபனானின் சாத்தோ முசார் மது, பெக்கா பள்ளத்தாக்கிலே விளையும் கபர்னே சோவின்யோன், சின்ஸோ, கரின்யான் என்னும் மூன்றின் கூட்டு. பழம் ஒரு பள்ளத்தாக்கில், மதுக்கூடம் மலைக்கு அப்பால் கசீர் என்னும் ஊரில். 1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போது, இடையிலுள்ள பாதை போர்முனையாயிற்று. ஆயினும் செர்ஜ் ஓஷார் மது ஆக்குவதைக் கைவிடவில்லை. 1976 இல் மது ஆக்க இயலவில்லை. மற்றைய ஆண்டுகளிற் பெரும்பாலும் அறுவடை தடைகளைக் கடந்து மதுக்கூடத்தை அடைந்தது. அவ்வாண்டுகளின் மதுவைச் சுவைப்பவன் மூன்று திராட்சைகளின் கூட்டைமட்டும் சுவைப்பதில்லை. வாகனம் செல்லுமா என்று தெரியாமலே பழம் பறித்த மக்களின் உழைப்பும் அதில் உண்டு.

இன்று போர்தோவையே எதிர்நோக்கியுள்ள இடர் வேறு. வெப்பம் மிகுந்துவருவதால், முந்திக் கனிதல் என்னும் மெர்லோவின் பழைய நற்பண்பே குறையாக மாறிவருகின்றது. பழத்தில் வெல்லம் விரைந்து ஏற, மதுசாரம் மிக, புத்துணர்வூட்டும் புளிப்பு மங்குகின்றது. எனவே 2021 இல் போர்தோ, போர்தோ சுப்பீரியர் என்னும் பெயர்களில் வரும் செம்மதுவுக்குப் புதிதாக நான்கு வகைகள் அனுமதிக்கப்பட்டன. போர்த்துக்கலின் தூரிகா நசியோனல், கபர்னேயும் கிரனாஷும் இணைந்து பிறந்த மார்சலான் ஆகியன அவற்றுட் சில. தோட்டத்தில் 5 வீதத்துக்கும் கலவையில் 10 வீதத்துக்கும் மேற்படலாகாது என்பது நிபந்தனை. ரோன் மதுவைச் சேர்ப்பது குற்றமெனக் கொண்ட பிரதேசம், ரோன் திராட்சையின் வழித்தோன்றலைத் தன் தோட்டத்துக்கு அழைக்கின்றது.

இது கலவையா, கலப்படமா என்று வினவுவோர்க்குத் தொடக்கத்திற் கூறிய கோடே விடையளிக்கும். நோக்கம் மறைக்கப்படவில்லை, அளவு வரையறுக்கப்பட்டுள்ளது, எல்லோரும் அறிய விதி எழுதப்பட்டுள்ளது. ஆகவே அது கலவையே. ஆயினும் நூறாண்டுகளின் பின் அங்கே மெர்லோ அருகி, தெற்கத்தித் திராட்சைகளே எஞ்சி நிற்குமாயின், அன்றைய கிண்ணத்தில் உள்ளதைப் போர்தோ என்று அழைக்கலாமா என்னும் வினா மீதமிருக்கின்றது. சரளைக்கல்லும் களிமண்ணும் அங்கேதான் இருக்கும். கடல்மேகமும் அவ்வழியேதான் வரும். மழையையும் வெயிலையும் நாடி பார்த்து, எதனோடு எதனைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் கையும் அங்கே இருக்குமாயின், அப்பெயருக்கு உரிமை கோர அக்கிண்ணத்துக்கு நியாயம் உண்டு.