முட்டுக்கட்டை

பேப்பரைப் பிரித்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த வார்த்தை கண்ணில் படும். பேச்சுவார்த்தையில் முட்டுக்கட்டை, திட்டத்துக்கு முட்டுக்கட்டை, வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை. கிட்டத்தட்ட ஒரு வசவு மாதிரியே ஆகிப்போச்சு. டவுனில் வளர்ந்த பிள்ளைங்க நிறைய பேர் அந்தக் கட்டையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீங்க. அதனால்தான் எழுதுறேன்.

முட்டு என்ற சொல்லுக்கே ரெண்டு பக்கம் உண்டு. மாடு முட்டும், அது மோதுறது. வாழை தார் விட்டுச் சாயும்போது சவுக்குக் கம்பை வெட்டி முட்டுக் கொடுப்போம், அது தாங்குறது. மேற்கொண்டு போக வழி இல்லாத சந்துக்கு முட்டுச்சந்துன்னு பேர். செல்போனில் கட்சிக்காரங்க 'முட்டுக் கொடுக்காதே'ன்னு ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிறாங்களே, அது எங்க வாழைத்தோட்டத்து முட்டுதான். கட்டைக்கு விளக்கம் வேண்டாம். ரெண்டும் சேர்ந்தால், உருளுகிற சக்கரத்துக்கு அடியில் கொடுக்கிற மரத்துண்டு. மாட்டுவண்டிக்குச் சின்னதாக ஒன்று போதும், கட்டை இல்லைன்னா ஒரு கல்லு. எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கிற கன்டெய்னர் லாரிக்குக் கீழே குனிஞ்சு பாருங்க, அங்கேயும் கிடக்கும்.

ஆனால் அந்தக் கட்டையோட முழு வேலையைப் பார்க்கணும்னா தேர் ஓடுற அன்னைக்குப் பார்க்கணும். எங்களுக்குப் பக்கம் திருவொற்றியூர் தியாகராஜர் கோயில், மாசி மாசம் பிரம்மோற்சவம். மரத்தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முன்னால் வடம் பிடிக்கிற ஜனத்துக்குப் பின்னால் என்ன நடக்குதுன்னு தெரியாது. சக்கரத்தை ஒட்டி ரெண்டு பக்கமும் கையில் கட்டையோட குனிஞ்சபடி நடக்கிறாங்களே, அவங்க கையில்தான் எல்லாம் இருக்கு. வலது பக்கம் திரும்பணும்னா வலது சக்கரத்துக்குக் கட்டை. அந்தப் பக்கம் தடைபடும், இடது பக்கம் உருண்டு வரும், தேர் திரும்பும். தேர் வேகம் எடுத்தால் ரெண்டு பக்கமும் கட்டை. ஒரு நொடி பிந்தினால் ஜனத்து மேல ஏறிடும், ஒரு நொடி முந்தினால் போடுறவர் கையே போயிடும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன். திருச்சி பெல் கம்பெனிக்காரங்க அதுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு கொடுத்தாங்க. அப்புறமும் கட்டை போடுறவங்க வேலை போகலை.

தேர் ஓடக்கூடாதுன்னு யாரும் கட்டை போடுறது இல்லை. ஆள் சாகாமல் நிலைக்கு வந்து சேரணும்னு போடுறாங்க. பேப்பர்காரங்க இந்தப் பாதியை விட்டுட்டாங்க.

இங்கிலீஷில் டெட்லாக் என்பாங்க. 1779ல் ஷெரிடன் எழுதிய ஒரு நாடகத்தில் அந்தச் சொல் வருது. மேடையில் ஆளுக்கு ஆள் கத்தியை நீட்டிக்கிட்டு நிற்கிறாங்க, முதல்ல கையை எடுக்க எல்லாருக்கும் பயம். இது முட்டுக்கட்டை இல்லை, நம்ம ஊர் இழுபறி. எனக்கும் பங்காளி ஒருத்தருக்கும் வாய்க்கால் விஷயத்தில் அஞ்சு வருஷமா நடக்குதே, அந்த ஜாதி. ரெண்டு பேரும் கயிறை விட மாட்டோம். முட்டுக்கட்டை வேற. ஒருத்தர் தெரிஞ்சே தன் கையால வைக்கிறது, வேண்டாம்னா அதே கையால எடுக்கிறது. பூட்டு மாதிரி சாவியைத் தேட வேண்டியதில்லை.

2023 டிசம்பர்ல நடந்தது ஞாபகம் இருக்கும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆத்திலேயும் கழிமுகத்திலேயும் பரவிச்சு. அது காயறதுக்குள்ள 26ஆம் தேதி ராத்திரி, கப்பல்லேர்ந்து உரத் தொழிற்சாலைக்குப் போற கடலடிக் குழாயில அமோனியா கசிஞ்சது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்க பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு நடுராத்திரியில் ஓடினாங்க, பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க. பிறகு ஆலை வாசலில் உட்கார்ந்தாங்க, திறக்கக் கூடாதுன்னு. அப்போ எங்க பக்கத்து டீக்கடையில் ஒருத்தர் சொன்னார்: "இவங்க எப்பவுமே வளர்ச்சிக்கு முட்டுக்கட்டைதாங்க." கேட்டதும் எனக்குச் சுருக்குன்னு இருந்தது.

ஏன்னா எங்க மீஞ்சூர் பக்கம் கட்டை போட ஆள் இல்லாமல் போனதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1960களிலிருந்து இங்கே பூமிக்கு அடியில் கிணறு கிணறா இறக்கி ஆலைகளுக்கும் பட்டணத்துக்கும் தண்ணீர் எடுத்தாங்க. உங்க வீட்டுக் குழாயிலும் கொஞ்சம் வந்திருக்கும், தப்பா நினைக்காதீங்க. நல்ல தண்ணீர் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் வந்தது, கிலோமீட்டர் கணக்கில் உள்ளே. எங்க அப்பா நெல்லு வெச்ச இடத்தில் இன்னைக்கு மோட்டார் போட்டு ஒரு வாய் குடிச்சால் நாக்கில் உப்பு கரிக்கும். அன்னைக்கு நாலு பேர் குறுக்கே உட்கார்ந்திருந்தால் அவங்களையும் இதே வார்த்தையில்தான் திட்டியிருப்பாங்க. ஆனால் கிணறு இருந்திருக்கும்.

எண்ணூரில் எனக்கு ஒரு பழைய கூட்டாளி, ஆத்தில் இறால் தடவிப் பிழைச்சவர். வயசில் மூத்தவர், அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். இந்த டீக்கடைப் பேச்சை அவர்கிட்ட சொன்னேன். கோபப்படலை, சிரிச்சார்.

"நாங்க கட்டையாம்பா, செரி. ஆத்துல கரண்டு கம்பெனி சாம்பல் வந்து படிஞ்சு கீதே, போட்டைத் தள்ளினா போவ மாட்டேங்குதே, அதுக்கு இன்னா பேரு?"

கொஞ்சம் யோசிச்சு, "அடைப்புன்னு சொல்லலாம்ணே" என்றேன்.

"அப்போ அத்தையும் பேப்பர்ல போடச் சொல்லு" என்று வலையை உதற ஆரம்பிச்சுட்டார்.