ஈற்றுக்கடல் இரங்கல்

முதுதாயரே! நாற்பது மாரி கண்ட நெடுமேனியீர்! சாவகம் என்று எம் முன்னோர் சொன்ன ஜாவாவின் தென்கரைக்கும் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு விளிம்புக்கும் இடைப்பட்ட வெங்கடலில் உம்மைத் தேடினோம். பலர் திரண்ட இடத்தில் சிலரையே கண்டோம். செப்டம்பரில் வரத் தொடங்குவீர்; ஏப்ரல் கழிவதற்குள் மீள்வீர். பருவம் தவறவில்லை. கடல் காய்கிறது; இளையோர் வந்து முட்டை சொரிகின்றனர். அவர்க்கு முன்னே வழிநீந்திய மூத்தோர் எங்கே?

தென்கடல் நீலத்துடுப்புச் சூரை என்பது உம் குலப்பெயர். மற்றச் சூரைகளுக்கு ஈற்றுக்கடல் பல; உமக்கு அறியப்பட்டது இது ஒன்றே. தென்னாப்பிரிக்க முனைக்கு அப்பாலும் நியூசிலாந்தின் குளிர்நீரிலும் மேய்ந்து திரிந்தவர், சூல் முதிர்ந்ததும் ஆயிரமாயிரம் கிலோமீட்டர் கடந்து இந்த ஒரே தொட்டிலுக்குத் திரும்பினீர். எளிய பயணமா அது? தசையில் பிறந்த சூடு வெளியேறாதபடி, குளிர்ந்த குருதியும் வெம்மைக் குருதியும் அருகருகே எதிரெதிர் ஓடும் நுண்குழாய்ப் பின்னல் உமது உடல். அவ்வுடலோடு 24 பாகைக்கு மேல் கொதிக்கும் நீரில் இறங்குவது, கம்பளி போர்த்தவர் உலைக்களம் புகுவது போன்றது. புகுந்தீர். ஒருமுறைக்கு ஒரு தாய் சொரிந்தது ஏறத்தாழ 60 இலட்சம் முட்டை. உடல் பெருத்தவள் மிகுதியாகச் சொரிந்தாள்.

அம்முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர். உள்ளே ஒரு துளி எண்ணெய். அதன் தயவில் மிதக்கும். ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்து வெளிவருவதோ, 3 மில்லிமீட்டர் நீளத்தில் ஊடுருவித் தெரியும் ஒரு நூல். வாய் இன்னும் திறக்கவில்லை. கண்ணில் கருமை ஏறவில்லை. ஒட்டியிருக்கும் மஞ்சட்கரு இரண்டொரு நாளைக்குக் காணும். அதற்குள் கண் கறுத்து, தாடை பிளந்து, உடலுக்குப் பொருந்தாப் பெருந்தலையோடு அது வேட்டைக்குக் கிளம்ப வேண்டும். இல்லையேல் பட்டினியால் மாளும். முதலில் துடுப்புக்காலி எனும் மிதவைச் சிற்றுயிர்களின் குஞ்சு. பிறகு பிற மீன்களின் குஞ்சு. நேர்ந்தால் உடன்பிறந்ததும் இரையே. கோடிகளில் விரல்விட்டு எண்ணுவன எஞ்சும். அச்சாவுக்கு யாம் அழவில்லை. அது கடல் தன் கணக்கில் எழுதி வைத்த சாவு. அதைக் கருதியே அத்தனை கோடி சொரிந்தீர்.

யாம் அழுவது கணக்கில் இல்லாத சாவுக்கு. தப்பிய குஞ்சு, மேற்காஸ்திரேலியக் கரையோரம் தெற்கே பாயும் லூவின் நீரோட்டத்தின் திசையில் இறங்கும். கோடைதோறும் ஆஸ்திரேலியப் பெருவளைகுடாவில் கூட்டங்கூட்டமாய்ச் சேரும். அங்கே காத்திருக்கிறது சுருக்குமடி வலை. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளை வளைத்து, மிதக்கும் கூண்டில் இட்டு, போர்ட் லிங்கன் வரை மெல்ல இழுத்துச் சென்று, மத்தி ஊட்டிக் கொழுக்க வைத்து ஜப்பானியச் சந்தைக்கு அனுப்புவர். பத்து வயதை அண்டினால்தானே ஒருத்தி தாயாவாள்! கூண்டில் வளர்ந்தவள் ஈற்றுக்கடலை மறுபடி காண்பதே இல்லை.

தாயரையும் விட்டார்களா? 1950களில் ஜப்பானியரின் ஆயிரங்கால் தூண்டில் ஈற்றுக்கடலிலேயே விரிந்தது. 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 80,000 டன் அளவுக்கு உம் குலம் கரையேறிற்று. பின்னர் பாலித் தீவின் பெனோவாத் துறையிலிருந்து இந்தோனேசியப் படகுகள் வந்தன. அவர்கள் தேடியது மஞ்சள்துடுப்புச் சூரையையும் பெருங்கண் சூரையையும். நீவிர் இடையில் சிக்கினீர். வேண்டிக் கொன்றவனிடம் ஒரு கணக்காவது உண்டு. வேண்டாமலே மாண்டதை எந்த நடுகல்லில் எழுதுவது?

நடுகல் ஒன்று உம் தலைக்குள்ளேயே இருந்தது. செவிக்குள் அமைந்த சிறு சுண்ணக்கல். பெனோவாவில் இறங்கிய மீன்களின் தலையிலிருந்து அதை எடுத்து, மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியின் கீழ் ஒளி பாய்ச்சி வளையங்களை எண்ணினர். ஒரு வளையம், ஓர் ஆண்டு. எண்ணியது சரிதானா என்பதற்குச் சான்று வந்த வழி கொடிது: 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகள் வானில் பெருக்கிய கதிர்க்கரி, கடலில் கரைந்து உம் செவிக்கல்லிலும் படிந்திருந்தது. அதை அளந்தபோதே உமது முதுமை உறுதியாயிற்று. 1990களில் ஈற்றுக்கடலில் பிடிபட்டோரின் சராசரி வயது 20ஐ ஒட்டியிருந்தது. 2000களின் தொடக்கத்தில் அது 15ஐ ஒட்டி இறங்கிற்று. தூண்டில் போட்ட ஆழமும் மாறியிருக்கலாம் என்று ஆய்வர் அடக்கமாகச் சொல்வர். சரி, அதையும் கழித்துக்கொள்வோம். ஆயினும் அந்த ஐந்தாண்டு இறக்கத்தில் எத்தனை மூதாட்டியர் விடுபட்டனர்!

வள்ளல் மாய்ந்தபின் அவன் சோறுண்ட பாணர் புலம்புவது எம் மரபு. அவன் கொடுத்து மாண்டான். நீவிர் பறிக்கப்பட்டு மாண்டீர். புலம்ப வந்த யாமோ உம் ஊனை உண்ட இனத்தார். எமக்கு இதற்குத் தகுதி உண்டோ என்று கேட்பார்க்கு விடையில்லை. உம் மக்களோ உம் முகம் அறியார். உமக்காக அழ வேறு எவரும் வரக் காணோம்.

நல்ல செய்தியும் உண்டு, மறைப்பது அறமன்று. 1994இல் உமக்கென ஓர் ஆணையம் அமைந்தது. 2006இல், ஜப்பானியர் தம் பங்கை மீறிப் பிடித்தது சந்தைக் கணக்கால் வெளிப்பட, அவர்தம் ஒதுக்கீடு 6,065 டன்னிலிருந்து 3,000 டன்னாகக் குறைந்தது. 2010ஐ ஒட்டி, மீன்பிடி தொடங்குமுன் இருந்த தாய்மீன் வளத்தில் நூற்றில் ஐந்து பங்கே மிஞ்சியிருந்தது. 2011இல் பிடிப்பளவை வரையறுக்கும் நெறி ஒன்று வகுக்கப்பட்டது. 2023இன் மதிப்பீட்டில் அப்பங்கு 23 ஆகிவிட்டது. குலம் தழைக்கிறது. எண்ணிக்கையை ஒதுக்கீட்டால் மீட்கலாம். வயதை எந்த ஆணையம் ஒதுக்கித் தரும்? அந்நெறி பிறந்த 2011இல் பொரிந்த குஞ்சு ஒன்று, வலைக்கும் கூண்டுக்கும் தூண்டிலுக்கும் தப்பி, தாயானபின் இவ்வெங்கடலில் புகுந்து மீண்டு, உமது நாற்பதை எட்டும் ஆண்டு 2051.