எழுபது வளைவுக்கு மேலே ஒரு வகுப்பு

'கொல்லிமலையா? ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்க!' பி.எட். பயிற்சிக்கு எந்த ஊர் என்று கேட்ட எல்லோரும் சொன்னது இதுதான். அடிவாரம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதோடு எண்ணுவதை விட்டேன். பஸ் விடவில்லை!

2015-ல் பி.எட். இரண்டு வருடப் படிப்பானதும் பள்ளிக்கூடப் பயிற்சியும் நீண்டுவிட்டது. முதல் இரண்டு நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைக் கவனிக்க வேண்டும். பக்கத்துப் பையன் ரகசியமாகக் கேட்டான்: ''சார், நீங்க ஃபெயிலா?''

மூன்றாம் நாள் என் பாடம், சாய்தளம். சார்ட், பலகை, பந்து எல்லாம் பக்காவாக ரெடி. ''மலையில ரோட்டை ஏன் சுத்திச் சுத்திப் போட்டிருக்காங்க?'' என்று ஆரம்பித்தேன்.

அதே பையன் எழுந்தான்.

''ஒத்தையடிப் பாதையில போனா சீக்கிரம் ஏறிடலாம் சார். ஆனா தலையில மிளகு மூட்டை இருந்தா ரோடுதான். தூரம் ஜாஸ்தி, மூச்சு வாங்காது.''

அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? சார்ட்டைச் சுருட்டிவிட்டேன்.

''மூட்டையெல்லாம் தூக்குவியா?''

''தை மாசம் பறிப்பு சார். சில்வர் ஓக்குல ஏணி போட்டு ஏறணும். அண்ணன் பத்தாவதுல பாதியில நின்னு ஏறப் போயிட்டான்.''

''பொங்கலுக்கு அப்புறம் பாருங்க தம்பி, பாதி பெஞ்ச் காலி'' என்றார் வகுப்பாசிரியர், ஏதோ மழை வரும் என்பது மாதிரி.

சனிக்கிழமை சோளக்காடு சந்தையில் பையனின் அப்பாவைப் பிடித்தேன். பலாப்பழம் ஒன்றை என் கையில் திணிக்கப் பார்த்தார்.

''சின்னவனை ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் சார் ஏத்துவேன்.''

பெரியவனையும் முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஏற்றினாராம்.